வடக்கு இல்லாத முகம்

"துண்டு இன்னும் கொஞ்சம் சூடா இருந்திருக்கலாம்" என்றார்.

"இருந்திருக்கலாம்" என்றேன்.

"நேத்தும் இதையேதான் சொன்னேன்."

"நேத்து நானும் இதே பதிலைத்தான் சொன்னேன்."

அவ்வளவுதான் பேச்சு. முகத்தைத் துடைத்துவிட்டு, பிரஷை உதறிக் கொக்கியில் தலைகீழாக மாட்டினேன். அவரை முன்னறை நாற்காலிக்கு நடத்திக்கொண்டு வந்து உட்காரவைத்து, செய்தித்தாளை மடியில் விரித்தேன். டீ போட்டுக்கொண்டு திரும்புவதற்குள் அவர் போய்விட்டிருந்தார். செய்தித்தாள் மடியிலிருந்து நழுவக்கூட இல்லை. முதலில் படித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். டம்ளரைப் பக்கத்தில் வைத்து, "ஆறிடப் போகுது" என்றுகூடச் சொன்னேன்.

அந்தக் காலை வரைக்கும் பதினான்கு மாதம் நான் அவருக்குச் சவரம் செய்தேன். அதில் முதல் மாதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற பதின்மூன்று மாதமும் ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக நடந்ததில் சொல்ல என்ன இருக்கிறது.

என் கணவர் நில அளவையாளர். முப்பத்தெட்டு வருடம் ஊர் ஊராகப் போய், மூன்று கால் தாங்கியின் மேல் கருவியை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிறத்தியார் நிலத்தைப் பார்த்தவர். நான் நூலகத்தில் வேலை செய்தேன். அவர் என்னை 'லைப்ரரி' என்று கூப்பிடுவார். அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போது நான் 'சர்வேயர்' என்பேன். எங்கள் சொந்தப் பெயர்கள் விண்ணப்பப் படிவங்களுக்கு மட்டுமே பயன்பட்டன.

கல்யாணமான மறுநாளிலிருந்து பார்த்திருக்கிறேன், காலையில் இருபத்தைந்து நிமிடம் குளியலறை அவருடையது. சோப்புக் கிண்ணம், பிரஷ், இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடைப் போட்டுத் திருகுகிற கனமான ரேசர், கடைசியில் ஒரு படிகாரக் கல். உள்ளே ஏதோ வேள்வி நடப்பதுபோல அத்தனை அமைதி. தள்ளுபடியில் கிடைத்ததே என்று ஒருமுறை நுரை டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது கேக்கு மேல வெக்கிறது, லைப்ரரி. மூஞ்சிக்கு இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பக்கவாதம் அவருடைய வலக்கையை எடுத்துக்கொண்டது. நடையில் பாதியை எடுத்தது. பேச்சைக் கொஞ்சம் மெதுவாக்கியது, கிண்டலைத் தொடவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த நாலாம் நாள், நான் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து, இடக்கையால் ரேசரை எடுத்துத் தாடையில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டார். சின்னக் கீறல்தான். ஆனால் ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சின்னக் கீறல் என்று ஒன்று கிடையாது. நாற்பது நிமிடம் துணியை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நாற்பதாவது நிமிடத்தில் மகள் வந்து சேர்ந்தாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அப்பாவின் ரத்தம் உறைய எத்தனை நேரம் ஆகும் என்பது அவளுக்கு எண்ணாகவே தெரியும். ரேசரை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள்.

"அப்பா, இது எலெக்ட்ரிக். வெட்டவே வெட்டாது."

"வெட்டாதுன்னா அப்புறம் எதுக்கு அது?"

"தோலை வெட்டாதுப்பா."

"ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற மெஷின் மாதிரி இருக்கு."

"எந்த ஆடும் இதுவரைக்கும் புகார் குடுக்கல."

"அதுக்குப் பேச வராது. எனக்கு வரும்."

பெட்டி பிரிக்கப்படாமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தது. அவரும் நாலு நாள், ஐந்து நாள் என்று முகத்தை வளர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளையும் கறுப்புமாகத் தாடி முளைத்தது. பார்க்க வந்தவர்களைப் பார்க்க மறுத்தார். நடைப்பயிற்சி கொடுக்க வந்தவரிடம் "இன்னிக்கு வேண்டாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நடக்கவில்லை என்றால் கால் பழையபடி வராது என்று வந்தவர் எச்சரித்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் சாப்பாடு ஊட்டும்போது இரண்டாவது வாயிலேயே நிறுத்திவிட்டார்.

"நீ ஊட்டுற. சரி. சட்டை மாட்டி விடுற. சரி. குளிப்பாட்டுற, அதையும் ஒண்ணும் சொல்லல" என்றார் மெதுவாக. "மூஞ்சி ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம் இருந்துச்சு. அதையும் மெஷின்ல விடாதீங்க ரெண்டு பேரும்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாத நேரத்தில் வாய் எதையாவது சொல்லிவிடும்.

"நான் பண்ணி விடுறேன்."

"நீயா? பென்சிலை முனை உடையாம சீவத் தெரியுமா உனக்கு?"

"உங்க மூஞ்சியில முனை எதுவும் இல்லீங்களே."

"மூக்கு?"

மகளிடம் பேச்சுவார்த்தை நடந்தது. அவள் இரண்டு வருடம் முன்பு வேலை நிறுத்தத்தில் சங்கத்துக்காகப் பேரம் பேசியவள், எங்களிடம் ஏமாறுவாளா? கைப்பைக்குள் போன ரேசர் முதல் வாரம் பிளேடு இல்லாமல் வெறுமனே திரும்பி வரும். அது சரியாக வந்தால் பிளேடு. மாதக் கடைசியில் ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது அவளே முகத்தைப் பார்ப்பாள். ஒரு வெட்டு, ஒரு சிவப்புத் தடிப்பு இருந்தாலும் அன்றைக்கே அட்டைப்பெட்டி பிரிக்கப்படும்.

"ஒரு தடிப்பு கூடவா?" என்றேன்.

"அம்மா, தடிப்பு இருந்தா நாளைக்கு அதே இடத்துல வெட்டும். நான் தினமும் பார்க்கிறேன்."

"நீ கையில ஊசி குத்துறவ. மூஞ்சியைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றார் இவர்.

"உங்களுக்கு என்ன தெரியும்? நாற்பது நிமிஷம் தெரியும்." அவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

நுரையிலிருந்து ஆரம்பித்தோம். பிரஷை வெந்நீரில் ஊறவைத்து, உதறி, சோப்பின் மேல் சுற்ற வேண்டும். அதிகமாக உதறினால் நுரை காய்ந்து பஞ்சு மாதிரி உதிரும். கம்மியாக உதறினால் முழங்கை வரைக்கும் வழியும். எனக்கு மூன்று நாள் வழிந்தது. நாலாம் நாள் உதிர்ந்தது. ஐந்தாம் நாள் பிரஷைத் தூக்கினால் கிளி மூக்கு மாதிரி நுனி வளைந்து நின்றது. ஓடிப்போய் அவரிடம் காட்டினேன்.

பார்த்தார். "ம். இப்ப இதைக் கீழ போட்டுட்டு மறுபடியும் பண்ணு."

"ஏன்?"

"ஒரு தடவை வந்தா அது தற்செயல். ரெண்டாவது தடவை வந்தாத்தான் அளவு."

வெறும் ரேசரைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். கன்னத்தில் வைத்ததும் "ஐயோ!" என்று அலறினார். ரேசர் கை நழுவிக் கிண்ணத்துக்குள் விழுந்து, நுரை என் கண்ணாடியில் தெறித்தது.

"பிளேடே இல்லீங்க அதுல!"

"தெரியும். நான் நிஜமா கத்தும்போது உன் கை ஆடக் கூடாதுல்ல? அதுக்கு ஒத்திகை."

அந்த வாரம் முழுக்க ஒத்திகை. தும்மினார், விக்கினார், திடீரென்று வணக்கம் வைத்தார், அதுவும் இடக்கையால். வாரக் கடைசியில் அவர் வாய்விட்டு அலறினாலும் என் கை அசையாமல் நின்றது.

பிளேடைப் போட்டபோது முதலில் என் இடது முன்கையில்தான் பழகினேன். மழுமழுவென்று ஆகிவிட்டது. கடையில் பில் போடும் பெண் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆபரேஷனா?" என்று கேட்டாள். "இல்லம்மா, படிக்கிறேன்" என்றேன். அவள் அதற்கப்புறம் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

இனி முகம். இங்கேதான் சர்வேயர் தன் வேலையைக் காட்டினார்.

முடி எல்லா இடத்திலும் ஒரே பக்கம் பார்த்து வளராது. முதல் இழுப்பு முடி போகிற போக்கிலேயே போக வேண்டும், எதிராகப் போனால் தோல் கிழிபடும். இது அவருக்குக் கையோடு பழகிப்போனது, எனக்கு எங்கே தெரியும்? அதனால் ஒரு நாள் முழுக்கக் குளியலறைக் கண்ணாடி முன் உட்கார்ந்து, விரல் நுனியால் முகத்தைத் தடவித் தடவி, இடக்கையால் வரைபடம் போட்டார். முட்டை வடிவத்தில் ஒரு முகம். எட்டு வட்டாரம். ஒவ்வொன்றுக்கும் எண், ஒவ்வொன்றிலும் ஓர் அம்பு. கழுத்தில் ஒரு பக்கம் மேல்நோக்கி அம்பு, மறுபக்கம் கீழ்நோக்கி. தாடைக்குக் கீழே ஓர் இடத்தில் அம்பு சுழித்துக்கொண்டு ஓடியது. "அங்க ஜாக்கிரதை. அது சுழல்" என்று வாயால் எச்சரிக்கை வேறு.

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் அந்தத் தாளை ஒட்டினேன். அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். படத்தைப் பார்ப்பது, முகத்தைப் பார்ப்பது, இழுப்பது. அம்பு மேலே என்றால் மேலே. அம்பு கீழே என்றால் கீழே. முப்பது வருடம் அட்டவணை பார்த்துப் புத்தகம் அடுக்கியவள்; எழுதியிருப்பதை அப்படியே செய்வதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

வெட்டு ஒன்றும் விழவில்லை. ஆனால் ரேசர் ஒவ்வோர் இழுப்புக்கும் கரகரவென்று கத்தியது. கடைசியில் படிகாரக் கல்லை நனைத்துக் கழுத்தில் தேய்த்தபோது அவர் நாற்காலியிலிருந்து எம்பினார். படிகாரம் பொய் சொல்லாது. எங்கே தோல் உரிந்திருக்கிறதோ அங்கே மட்டும் கடிக்கும்.

"எங்கெல்லாம் எரியுது?"

"எங்க எரியலன்னு கேளு. சீக்கிரம் சொல்லி முடிச்சிடலாம்."

மறுநாள் கழுத்து முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ஒரு நாள் விட்டு மறுபடி முயன்றோம். மறுபடி அதே கதை. அழுத்துகிறாய் என்றார். அழுத்தத்தைக் குறைத்தேன். கோணம் தப்பு என்றார். கோணத்தை மாற்றினேன். பிளேடு மழுங்கல் என்றேன் நான். புது பிளேடு போட்டோம். அது இன்னும் சுறுசுறுப்பாகப் புள்ளி வைத்தது. எங்கள் இரண்டு பேருக்கும் படத்தின் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. சர்வேயர் போட்ட படம் அல்லவா?

சனிக்கிழமை மகள் வந்தாள். அப்பா கழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அட்டைப்பெட்டியைப் பார்த்தாள்.

"இன்னும் பத்து நாள் இருக்கு" என்றேன் அவசரமாக.

"பத்து நாள்ல இது ஆறவே ஆறாதும்மா."

அவள் போன பிறகு அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி, மெஷினையே எடு. உனக்கும் கஷ்டம்" என்றார். கேலி துளியும் இல்லாமல் சொன்னார். பக்கவாதம் வந்த அன்று கூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அதைக் கேட்ட பிறகுதான் பயம் வந்தது.

மறுநாள் காலை வரைபடத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனைச் சலூனுக்குப் போனேன். உள்ளே மூன்று ஆண்கள் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்கள். நாற்காலியில் இருந்தவர் பாதி முகம் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா, லேடீஸ் கட்டிங் இங்க பண்றதில்லையே" என்றார் சலூன்காரர். ஐம்பது வயதிருக்கும். கையில் சவரக் கத்தி.

"கட்டிங் வேண்டாம் தம்பி. எனக்கு ஷேவிங் கத்துக்கணும்."

பத்திரிகைகள் மூன்றும் கொஞ்சம் கீழே இறங்கின.

விஷயத்தைச் சொன்னேன். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுத் தாளை வாங்கினார். தலைகீழாகப் பார்த்தார். நேராகப் பார்த்தார். தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"ஐயா இதை எப்படிப் போட்டாரு?"

"கண்ணாடியைப் பார்த்து."

"நீங்க எங்க உக்காந்து பண்றீங்க?"

"அவருக்கு எதிர்ல."

அவர் சிரிக்கவில்லை. அதற்கு நான் இன்றும் நன்றி சொல்ல வேண்டும். தாளைச் சுவர்க் கண்ணாடியின் மேல் வைத்தார். பிறகு நாற்காலியில் இருந்தவரின் இடது கன்னத்தைத் தொட்டார். கண்ணாடியில் இடப்பக்கக் கன்னம்தான் தொடப்பட்டது. பிறகு என்னை அந்த ஆளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இப்ப சொல்லுங்க, இடது கன்னம் உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்றார்.

என் வலப்பக்கம் இருந்தது.

"இடம் வலம் மாறிப்போச்சும்மா. அவரு மேல போற இடத்துல நீங்க கீழ இழுத்திருக்கீங்க, கீழ போற இடத்துல மேல. அவ்வளவும் எதிர்ச் சவரம். தோல் என்ன பண்ணும், பாவம்?" தாளை என்னிடம் சுருட்டிக் கொடுத்தார். "கண்ணாடியில இருக்கிறவருக்கு நாங்க ஷேவ் பண்றதில்லம்மா. நாற்காலியில இருக்கிறவருக்குத்தான்."

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். முப்பத்தெட்டு வருட சர்வீஸில் அவருடைய ஒரு படம் தப்பு என்று யாரும் சொன்னது கிடையாது. ஒருமுறை இரண்டு அண்ணன் தம்பிகள் வேலித் தகராறில் அவர் படத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் வரை போனார்கள். தம்பி தோற்றான், படம் ஜெயித்தது. அதை வருடத்துக்கு நாலு தடவையாவது சொல்வார்.

"ஏங்க, ஒரு படத்துல முதல்ல என்ன போடணும்?" என்று ஆரம்பித்தேன்.

"வடக்கு."

"இதுல எங்க இருக்கு?"

தாளை வாங்கிப் பார்த்தார். நான் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, அவருடைய இடது கன்னத்தைத் தொட்டு, அது என் வலப்பக்கம் இருப்பதைக் காட்டினேன். பிறகு படத்தின் இடப்பக்கத்தைக் காட்டினேன். அவர் கண் தாளிலிருந்து என்னிடம் வந்தது, என்னிடமிருந்து குளியலறைக் கதவுக்குப் போனது, திரும்பவும் தாளுக்கு வந்தது. சரியாகாத வாயின் ஓரம் துடித்தது. அழப்போகிறாரோ என்று பயந்துபோனேன்.

"படம் சரி" என்றார் கடைசியில். "நீ நிக்கிற இடம் தப்பு."

"என்னது?"

"படத்துல தப்பே கிடையாது. நான் பார்த்த இடத்துலேர்ந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கும். நீ ஆத்துக்கு அந்தக் கரையில போய் நின்னுக்கிட்டு இடது கரை எங்கேன்னு கேட்டா நான் என்ன பண்றது?"

"அப்ப நான் எங்கதான் நிக்கணும்? உங்களுக்குள்ளேயா?"

"பின்னாடி" என்றார்.

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெதுவான, ஒரு பக்கமாகச் சாய்ந்த சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. "தோத்துப்போன தம்பி இருக்கானே, அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்று அவர் சொன்னதும் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கழுத்து ஆற ஆறு நாள் விட்டோம். பிறகு நாற்காலியைக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பிப் போட்டு, நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் தலையைச் சாய்த்தார். அது என் வயிற்றில் வந்து தங்கியது.

"தலையணை நல்லா இருக்கு" என்றார்.

"வாயை மூடுங்க. நுரை உள்ள போகும்."

பின்னாலிருந்து பார்த்தால் அவர் இடம் என் இடம். அவர் வலம் என் வலம். கண்ணாடிக்குப் பக்கத்தில் திரும்ப ஒட்டிய படம் வரிக்கு வரி பொருந்தியது. மனிதர் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல்.

இருந்தாலும் படம் வழி காட்டியதே தவிர கைக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. அழுத்தாதே, அழுத்தாதே என்று அவர் எத்தனை தடவை சொன்னாலும், அழுத்தாமல் எப்படி ஒன்றை வெட்டுவது என்று எனக்குப் புரியாமலே இருந்தது. ரேசரைத் தாடையருகே வைத்தபோதுதான் நூலகம் ஞாபகம் வந்தது. பழைய புத்தகங்களின் முதுகில் எண் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். எண் மாறும்போது அந்தச் சீட்டை எடுக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் பிளேடால் சுரண்டுவார்கள். சீட்டோடு துணி அட்டையும் உரிந்து வரும். நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஈரத்துணியை முதுகில் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பேன். பசை தானாக விட்டுக்கொடுக்கும் வரை காத்திருந்து, பிறகு பிளேடைச் சும்மா படுக்கவைத்துத் தள்ளினால் போதும். சீட்டு வழுக்கிக்கொண்டு வரும். அப்படி ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறேன். ஒரு புத்தகம் காயப்பட்டதில்லை.

ரேசரைக் கீழே வைத்தேன்.

"என்னாச்சு?"

"இன்னும் ஊறல."

"ஊறியாச்சு. நான் ரெண்டு நிமிஷம்தான் வெப்பேன்."

"நீங்க ரெண்டு நிமிஷம் வெப்பீங்க. நான் அஞ்சு நிமிஷம் வெப்பேன்."

வெந்நீர்த் துண்டை மறுபடி பிழிந்து அவர் முகத்தில் போட்டேன். துண்டுக்கு அடியிலிருந்து ஏதோ ஆட்சேபம் வந்தது, கேட்காததுபோல இருந்துவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துப் புது நுரை போட்டு, இடக்கையால் தோலைக் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பழைய சீட்டை எடுப்பதுபோல ரேசரைப் படுக்கவைத்து விட்டேன். கரகரப்பு இல்லை. நுரையில் வழி விட்டுக்கொண்டு அது தன் பாட்டுக்கு இறங்கியது.

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். புருவம் மேலே போயிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. எதற்கும் ஏதாவது சொல்கிற மனிதர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. கடைசியில் படிகாரம் தேய்த்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார். எம்ப வேண்டிய வேலை வரவில்லை. சுழல் இருந்த இடத்தில் மட்டும் லேசாக முகத்தைச் சுளித்தார்.

"சுழல்ல கொஞ்சம்" என்றார்.

"நாளைக்கு அதைச் சுத்திப் போறேன்."

மாதக் கடைசியில் பரிசோதனைக் கூடத்தில் கூட்டம் நெரிந்தது. மகள் அப்பாவின் கையில் ரத்தம் எடுத்து முடித்து, பஞ்சை வைத்து மடக்கினாள். பிறகு அத்தனை பேர் பார்க்க, அவர் முகவாயைப் பிடித்துக் குழல் விளக்குப் பக்கம் திருப்பினாள். பேனா டார்ச்சை எடுத்துக் கழுத்தில் அடித்தாள்.

"எல்லாரும் பார்க்கிறாங்கடி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தலையைத் தூக்குங்கப்பா."

வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இது என்ன டெஸ்ட்?" என்று கேட்டார். மகள் மணிக்கட்டின் உட்புறத்தால் தாடையைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தாள். மறுபக்கமும் பார்த்தாள். சுழலில் கொஞ்சம் நின்றாள்.

டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டாள். "அந்த மெஷினை என் ஃபிரெண்டோட மாமனாருக்குக் குடுத்துடவா?" என்றாள் என்னிடம்.

"தாராளமா. ஆடு வளர்க்கிறாரா?" என்றார் இவர்.

மறுநாளிலிருந்து நடைப்பயிற்சிக்காரரைத் திருப்பி அனுப்பவில்லை. மூன்று மாதத்தில் கம்பு இல்லாமல் வாசல் வரை நடந்தார். தினமும் காலையில் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தார்: துண்டு, சோப்பு, என் தலைமுடி ஒன்று நுரையில் விழுந்தது. நான் எதையும் திருத்திக்கொள்ளவில்லை. திருத்திவிட்டால் மறுநாள் காலையில் பேச என்ன இருக்கும்?

அந்தக் கடைசிக் காலைக்குப் பிறகு வந்தவர்கள், போனவர்கள், செய்தவை எல்லாம் எனக்கு ஒழுங்காக நினைவில்லை. உடலைத் தயார் செய்ய வந்த ஆள் ஒருவரை மட்டும் நினைவிருக்கிறது. பேச்சில் மரியாதையானவர். சட்டையை மாற்றினார், தலையை வாரினார். "முகத்தைச் சுத்தம் பண்ணிடலாங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே, புறங்கையால் அவர் கன்னத்தைத் தடவினார். கை தாடைக்குக் கீழே போனது. அங்கே நின்றது. திரும்ப ஒருமுறை தடவினார்.

"வேண்டியதே இல்லையே" என்றார். "எந்தக் கடையிலம்மா பண்ணினாரு?"

மகள் என்னைப் பார்த்தாள். அவள்தான் சொன்னாள்: "வீட்டுல. இன்னிக்குக் காலையில."

வண்டி வாசலில் நின்றது. அவரை ஏற்றிப் பின்கதவைச் சாத்தும்போது அது மெல்ல நகர ஆரம்பித்தது. ஓட்டுநர் ஓடிப்போய் உள்ளே கையை விட்டு பிரேக்கை இழுத்தார். "மன்னிச்சிடுங்க. தெரு சமமாத்தானே இருக்குன்னு போடல" என்றார்.

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எங்கள் கல்யாணமான முதல் வருடம், ஒரு விடுமுறை நாளில் வேறு வேலையில்லாமல் அவர் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து தெருவை அளந்தார். அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நான்தான் வெயிலில் நின்றேன். தெருவின் கிழக்கு முனை மேற்கு முனையைவிட ஒரு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம்.